பதினேழாவது கட்டம்

முதுகில் ஒரு ஃப்ரிட்ஜ் ஏறிவிட்டால் அவர் வாய் தானாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிடும். அதனால்தான் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் ‘படிக்கட்டு’ என்று பெயர் வைத்தார்கள். வீடு மாற்றிக் கொடுக்கிற வேலை, ஆபீஸ் மாற்றிக் கொடுக்கிற வேலை. இருபத்தாறு வருடத்தில் ஏறி இறங்கிய அத்தனை கட்டடத்துக்கும் படிக் கணக்கு அவர் மண்டையில் இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அவரோடு தூக்குகிறவனுக்கு ‘ஒல்லி’ என்று பெயர். எடை நூற்றுப் பத்து கிலோ. அப்புறம் ஏன் ஒல்லி என்று கேட்கிறவர்களிடம், சின்ன வயதில் வைத்தது, மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை என்பான்.

அந்த வருடம் ஊரே தொழில் இல்லாமல் படுத்துக்கிடந்தபோது இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் மூச்சுவிட நேரமில்லை. பொருளாதார மந்தம் என்று செய்தியில் சொன்னார்கள். படிக்கட்டுக்கு அந்தப் பெரிய சொல்லெல்லாம் தேவைப்படவில்லை. முந்தின வருடம் மேலே தூக்கிக்கொண்டு போய் வைத்த மேசைகளை இந்த வருடம் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம். சில நாற்காலிகளுக்கு பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. ஓர் ஆபீசில், மேசையைத் தூக்கப் போன நேரத்தில், அந்த மேசைக்காரப் பையன் எழுந்து நின்று, இழுப்பறையில் கிடந்த ஒரு பேனாவை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, “எடுத்துக்கோங்கண்ணே” என்று ஒதுங்கினான். அதைப் படிக்கட்டு வீட்டில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய வீடாக அப்போது அது இல்லை. ஏனென்றால் அவர் மகள் பட்டம் வாங்கி ஒன்பது மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரே மகள். வணிகவியல் படித்தவள். இருபத்திரண்டு வயது ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். அவளுக்கு இரண்டு வருடம் முன்னால் படித்து வெளியே வந்தவர்கள் முப்பதில் சேர்ந்தார்கள். சம்பளம் பேசும்போது யாரும் ஆயிரம் என்பதை வாயில் போடுவதில்லை. முப்பது, இருபது என்றால் போதும், கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். அவளும் முதல் மூன்று மாதம் முப்பது என்றுதான் எழுதினாள். பதில் வரவில்லை. இருபத்தைந்து என்று எழுதினாள். அதற்கும் இல்லை. மனசு விட்டுப்போய் ஓரிடத்தில் பதினைந்து என்று எழுதிப்போட்டாள். அங்கே நேரில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு உட்காரவைத்த ஆள் தாளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு குறைவாகக் கேட்கிறீர்களே, உங்களிடம் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டானாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஒரு கேள்வி அவளுக்குப் பேயாகிவிட்டது. பெயர், வயது, படிப்பு, மார்க்கு எல்லாம் கை தன் பாட்டுக்கு எழுதும். ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்கிற இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதிகமாகக் கேட்டால்தான் மதிப்பு என்றாள் ஒரு தோழி. கேட்காமலே இருந்துவிடு, அவர்களே சொல்லட்டும் என்றாள் இன்னொருத்தி. அப்பாவோடு வேலை செய்கிற லாரி டிரைவரும் தன் பங்குக்கு ஒரு தொகை சொன்னார். எந்தக் கணக்கில் என்று கேட்டால், தன் ராசியான எண் அது என்றார்.

மகள் ஒருநாள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள்.

“எனக்கு எவ்வளவு தருவாங்கன்னு கேட்டா சொல்லுவேன். எவ்வளவு வேணும்னு என்னை யாரும் கேட்டதே இல்லையே” என்றாள் அம்மா.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று தெரிந்தது. ஊருக்கெல்லாம் மருந்து அனுப்புகிற பழைய கம்பெனி. மந்தம் வந்தாலும் காய்ச்சல் வராமல் இருக்குமா, அது மூடாது என்பது படிக்கட்டின் எண்ணம். கம்ப்யூட்டரில் அனுப்பச் சொன்னால் ஒரு வேலைக்கு ஆயிரம் பேர் அனுப்புகிறார்கள் என்பதால், தாளில் கையால் எழுதி, நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

அதே வெள்ளிக்கிழமை அவளுக்கு ஊரின் இன்னொரு கோடியில் வேறொரு வேலைக்கு எழுத்துத் தேர்வு இருந்தது. போனை அணைத்து வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் விண்ணப்பத்தை அப்பாவிடம் கொடுத்தாள். அவர்கள் லாரி அன்றைக்கு அந்த வழியாகத்தான் வரும். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்காமல் இருக்க அட்டை வைத்து, கண்ணாடிச் சாமான் கட்டுகிற மாதிரி கட்டிக் கொடுத்தாள்.

“பதினேழாவது கட்டத்தைக் காலியா விட்டிருக்கேன்பா. தெரிஞ்சுதான் விட்டிருக்கேன். அப்படியே குடுத்துடுங்க.”

“அது என்ன கட்டம்?”

“சம்பளம்.”

அவர் தலையாட்டிவிட்டு உறையோடு லாரிக்குக் கிளம்பினார்.

அன்றைக்கு வேலை இழுத்துவிட்டது. ஒரு தையல் இயந்திரக் கடையைக் காலி பண்ணினார்கள். மொத்தம் எண்பத்திரண்டு இயந்திரம், எல்லாம் இரும்பு. கடைசி இயந்திரத்தை இறக்கி, மருந்துக் கம்பெனி வாசலில் லாரி நின்றபோது மணி ஐந்துக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. படிக்கட்டு கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, உறையை விரல் நுனியால் பிடித்தபடி உள்ளே ஓடினார். ஒல்லி லாரியிலேயே உட்கார்ந்து ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினான்.

கவுன்டரில் ஒரு பெண் இருந்தாள். வீட்டுக்குக் கிளம்பப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டே தாளை வாங்கி, மேலிருந்து கீழாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தாள். பதினேழில் பேனா நின்றது.

“இது காலியா இருக்கு.”

“அது வேணும்னுதான் விட்டிருக்கும்மா.”

“ஒரு கட்டம் காலியா இருந்தாலும் வாங்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு பாருங்க, ஐயா. நான் வாங்கினா திங்கக்கிழமை எனக்குத்தான் திட்டு.”

எழுதி ஒட்டித்தான் இருந்தது. படிக்கட்டு அதைப் படித்தார். படிக்கத் தெரியாத காலமாக இருந்திருந்தால் இரண்டு சத்தம் போட்டு வாதாடியிருப்பார். இப்போது படித்துத் தொலைத்துவிட்டார், வாயைத் திறக்க முடியவில்லை.

அவர் எழுத்து கற்றுக்கொண்டது நாற்பத்தைந்தாவது வயதில். ஒரு முறை ‘தலைகீழாக வைக்காதீர்கள்’ என்று எழுதியிருந்த பெட்டியைத் தலைகீழாக வைத்து, உள்ளே இருந்த விளக்கெல்லாம் தூளாகி, ஒரு மாதக் கூலி போயிற்று. அந்த ரோஷத்தில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தார். வகுப்பில் படித்ததைவிட அட்டைப்பெட்டிகளின் மேல் எழுதிப் பழகியதுதான் அதிகம். ‘கண்ணாடி’, ‘சமையல்’, ‘குழந்தை சாமான்’ என்று தடித்த பேனாவால் எழுதுவார். அதனால் அவர் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம் நிற்கும். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கலாம்.

மகளுக்குப் போன் போட்டார். அணைத்திருந்தது. மணி ஐந்துக்கு நான்கு நிமிடம். கவுன்டரில் நூலில் கட்டித் தொங்கிய பேனாவைக் கையில் எடுத்தார்.

என்ன எழுதுவது? முப்பது என்று எழுதினால் கிழித்துப் போடுவார்கள். பதினைந்து என்று எழுதினால் குறை என்ன என்று கேட்பார்கள். தனக்கு அந்த மாதம் வந்த, வீட்டில் சொல்லாத கூலி நினைவுக்கு வந்தது. இருபத்தாறு. பட்டம் வாங்கியவள் இருபதுக்கும் கீழே கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்க, மேசை இறக்குகிறவன் இருபத்தாறு சம்பாதிக்கிறான். அதுவும் அவளைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்த மேசைகளை இறக்கி. அந்த எண்ணை எழுதக் கை வரவில்லை. அதைவிடக் குறைத்து எழுதவும் வரவில்லை.

“ஐயா, மணி ஆகுது” என்றாள் அந்தப் பெண்.

படிக்கட்டுக்குத் தெரிந்த கூலிப் பேச்சு ஒன்றே ஒன்றுதான். போனில் யாராவது கூப்பிட்டு, ரெண்டு ரூம் வீடு, எவ்வளவு ஆகும் என்று கேட்டால் அவர் தொகை சொல்ல மாட்டார். ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரண்டு ரூமில் ஒரு ரூம் முழுக்க வக்கீல் புத்தகம், இன்னொரு ரூமில் உயிரோடு மீன் நீந்துகிற தொட்டி. அன்றோடு சரி. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான். அந்தப் பதிலைத்தான் இப்போதும் எழுதினார். எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை. பதினெட்டாவது கட்டத்தின் தலையில் ஏறி, ஓரம் வரைக்கும் போய் நின்றது.

‘இடத்தைப் பார்த்த பிறகு சொல்கிறோம்.’

அந்தப் பெண் அதைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“எண் எழுதணும்.”

“எண்தான் எழுதணும்னு ஒட்டலையேம்மா. காலியா இருக்கக் கூடாதுன்னுதானே ஒட்டியிருக்கு.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரையைக் குத்தி உள்ளே போட்டாள்.

லாரியில் ஏறி ஒல்லியிடம் விஷயத்தைச் சொன்னார். ‘சொல்கிறோம்’ என்று ஏன் போட்டீர்கள், வேலைக்குப் போகப்போவது பாப்பா ஒருத்திதானே, நம்மையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள் என்றா என்று கேட்டான். அப்போதுதான் படிக்கட்டுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

வீட்டுக்குப் போனதும் மறைக்காமல் சொல்லிவிட்டார். மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரிப்பா. உங்க மேல தப்பில்ல. நான்தான் காலியா விட்டேன்” என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போனாள். காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போடுகிற அளவுக்கு நேரமாயிற்று, அவள் இறங்கி வரவில்லை.

மனைவி மட்டும் விடவில்லை. அவள் சிரித்தாலும் ஊசி மாதிரி இறங்கும்.

“ஏங்க, முன்பணம் எவ்வளவுன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாமே. கயிறு, சாமான் போர்த்துற கம்பளி தனின்னும் போட்டிருக்கலாம்.”

“சும்மா இருடி. எனக்கே மனசு சரியில்ல.”

“எனக்கு மட்டும் சரியா இருக்கா? அதான் சிரிக்கிறேன்.”

அந்த எழுத்துத் தேர்வும் கைவிட்டுப்போனது. இரண்டு இடத்துக்கு எண்ணூறு பேர் எழுதியிருந்தார்கள். ஆக, கையில் இருந்தது மருந்துக் கம்பெனி ஒன்றுதான். அதையும் அப்பா தன் சாண் உயர எழுத்தால் கெடுத்துவிட்டார் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பதினோரு நாள் அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு படிக்கட்டு ஒரு பீரோவின் அடியில் இருந்தார். மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு இறங்குகிற திருப்பம். பழைய காலத்துத் தேக்கு பீரோ. கதவைக் கழற்றச் சொல்லியும், அது தன் தாத்தா காலத்துக் கதவு, கழற்றினால் பொருந்தாது என்று வீட்டுக்காரர் விடவில்லை. ஒல்லி மேலே பிடித்திருந்தான். படிக்கட்டு கீழே, பட்டையைத் தோளில் மாட்டி, பாரத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணியவர் நின்றுவிட்டார். பீரோவின் ஒரு மூலை கைப்பிடிக் கம்பியிலும் இன்னொரு மூலை சுவரிலும் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். பத்து மணி பதினொன்றாயிற்று என்று சொன்னால் கதை அளக்கிறேன் என்பீர்கள். கம்பியைப் பிடித்த இரண்டு திருகாணியை டிரைவர் கழற்றி, மூலையை விடுவிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது என்பது உண்மை. அதில் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் படிக்கட்டின் சட்டைப்பையில் போன் அடித்தது.

“பாப்பாவா இருக்கும்” என்றார் அடியிலிருந்து.

டிரைவர் பாய்ந்து வந்து போனை எடுத்து அவர் காதில் ஒட்டிப் பிடித்தார்.

மகள் மெதுவாகப் பேசினாள். எங்கேயோ ஒரு நடைக்கூடத்தில் சுவரோரம் நின்று பேசுகிற குரல். மேலாளர் ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், தாளை மேசையில் வைத்து முதல் கேள்வியே, இந்த எழுத்து யாருடையது, மற்றதெல்லாம் உங்கள் எழுத்து இல்லையா என்று கேட்டாளாம். தோழி எழுதினாள், விளையாட்டு, அப்படி இப்படி என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கத்தான் முதலில் வாய் வந்தது என்றாள். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அப்பா எழுதினார், அவர் வீடு மாற்றுகிறவர், அவர்கள் தொழிலில் மாடியையும் சாமானையும் பார்க்காமல் கூலி சொல்ல மாட்டார்கள் என்று.

“அதுக்கு என்ன சொன்னாங்க?” என்றார் படிக்கட்டு. பீரோ அவர் தோள் எலும்பில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தது.

சிரிக்கவில்லையாம். கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துவிட்டு, அப்படியானால் போய்ப் பாருங்கள் என்று ஓர் ஆளோடு அனுப்பிவிட்டாளாம்.

“பார்த்துட்டேன்பா. கடைங்கள்ல விக்காம காலாவதி ஆகித் திரும்பி வர்ற மருந்து இருக்கு இல்ல, அதுக்குக் கணக்கு வைக்கிற வேலை. தரையிலேருந்து கூரை வரைக்கும் பெட்டி. எந்தப் பெட்டி எந்தக் கடைன்னு தெரியல. முன்னாடி நாலு பேர் இருந்தாங்களாம். மூணு பேரை அனுப்பிட்டாங்க. மிச்சம் ஒரே ஒருத்தர், அவரும் தினமும் மதியச் சாப்பாட்டை நின்னுக்கிட்டே சாப்பிடுறாராம்.”

“ம்.”

“அவர்தான் சொன்னார். இதுக்குப் பதினாறுன்னு முடிவு பண்ணி வச்சிருக்காங்களாம். கால் மணி நேரம் யோசிச்சிட்டு வந்து தொகை சொல்லச் சொல்லியிருக்காங்க.”

படிக்கட்டின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. பதினாறு என்றால் பதினாறு, வாயை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டு வா என்பதுதான் தொண்டையில் வந்து நின்றது. ஒன்பது மாதம் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் அவர். இந்த ஒரு கதவும் சாத்திக்கொண்டால்? பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு ஒதுங்கிய அந்தப் பையன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றான்.

மேலே மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “என்னப்பா நின்னுட்டீங்க?”

“சம்பளம் பேசிட்டு இருக்கோம் சார்” என்றான் ஒல்லி.

“பேசின கூலிதானே? அதுக்கு மேல ஒரு காசு கிடையாது” என்று வீட்டுக்காரர் பதறினார்.

“உங்ககிட்ட இல்ல சார். நீங்க உள்ள போங்க.”

போனில் மகள் கேட்டாள். “அப்பா, இருக்கீங்களா? எவ்வளவு சொல்லட்டும்?”

அவர் ஒரு மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினார். “எனக்குத் தெரியாதும்மா” என்றார். “அந்த இடத்தை நான் பாக்கல. நீதான் பார்த்திருக்க.”

வைத்துவிட்டாளோ என்று டிரைவர் போனை எடுத்துப் பார்த்து மறுபடி காதில் ஒட்டினார்.

“நான் இருபத்திரெண்டு கேக்கப் போறேன்” என்றாள் அவள். தனக்குத் தானே பேசுகிற மாதிரி தொடர்ந்தாள். “குடுப்பாங்களான்னு தெரியல. ஆனா பதினாறுக்குச் சரின்னு சொல்லிட்டு அந்தக் குவியலுக்குள்ள போனா, மூணாவது மாசம் எனக்கே என் மேல கோபம் வரும். இன்னொரு ஆளையும் போடுறேன்னா பதினாறே போதும்னு சொல்லுவேன். ஒத்தையா நான்தான்னா இருபத்திரெண்டு. காரணத்தோட சொல்லுவேன். இல்லன்னு சொன்னா எழுந்து வந்துடுவேன். பரவாயில்லையாப்பா?”

பரவாயில்லை என்று சொல்ல அவருக்கு முழு மனசும் இல்லை. பொய் சொல்லவும் தெரியவில்லை.

“பயமாத்தான் இருக்கு” என்றார். “நீ சொல்லு.”

“எனக்கும்தான்” என்று சொல்லி வைத்துவிட்டாள். குரலில் லேசாகச் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது.

பீரோ அதற்குப் பிறகு எப்படிக் கீழே வந்தது என்று கேட்டால் படிக்கட்டுக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணாமல் இறங்கினார். ஒல்லி அதைக் கவனித்து, மீதிப் படிகளைத் தானே எண்ணிக்கொடுத்தான். நடுவில் இரண்டைத் தப்பாகவும் எண்ணினான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலுக்கு வரவில்லை. சமையலறையில் அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. இது வெங்காயமா, வேறா என்று கண்டுபிடிக்க முடியாமல் அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சும்மா நிக்காதீங்க. கை கழுவிட்டு வாங்க, உங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு” என்றாள் மனைவி.

கடிதம் அவருக்கு வந்தது இல்லை. மகளுக்குக் கொடுத்தது. மேசைமேல் டம்ளரை வைத்து அழுத்தி வைத்திருந்தாள். அவர் எடுத்து, சாளரத்தின் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வாய்விட்டுச் சொல்லிவிடலாம், ஆனால் அவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இரண்டு பேரும் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அச்செழுத்து பொடியாக இருந்தது. விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனார். வேலைக்கு எடுத்துக்கொள்வதாக முதல் வரியிலேயே இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் விரலை நிறுத்திக்கொண்டார். பிறகு இறங்கினார். தொடக்கச் சம்பளம் பத்தொன்பது. திரும்பி வந்த சரக்குக் குவியல் ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்தால் இருபத்திரண்டு. கீழே அந்த மேலாளர் அம்மாவின் கையெழுத்து.

“ஆறு மாசத்துல தர்றதை இப்பவே எழுதிக் குடுத்துட்டாங்களா?” என்றார். இருபத்தாறு வருடத்தில் அவருக்கு யாரும் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. பார்த்துப் போட்டுத் தருகிறோம் என்று வாயால் சொன்னவர்களில் பாதிப் பேர் பார்க்கவும் இல்லை, போடவும் இல்லை.

“வாயால சொன்னாங்கப்பா. தாள்ல போடுங்கன்னு கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தாங்க. அப்புறம் போட்டுட்டாங்க.”

“இன்னொரு ஆள்?”

“இல்ல. அதுக்குக் காசு இல்லையாம். அதைச் சொல்றப்போ அவங்க முகத்தைப் பார்த்தேன், பொய்னு தோணல. அதான் இருபத்திரெண்டுலேருந்து இறங்கினேன்.”

நடந்த பேரத்தை அவள் முழுசாகச் சொன்னாள். பதினாறு என்றார்களாம். இவள் குவியலின் உயரத்தைச் சொன்னாளாம், நின்றுகொண்டு சாப்பிடுகிறவரைச் சொன்னாளாம். பதினேழு, பதினெட்டு என்று ஏறி, பத்தொன்பதில் அந்த அம்மா பேனாவை மூடிவிட்டாளாம். இதற்குமேல் முடியாது, வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று கோபமில்லாமல் சொன்னாளாம். அவ்வளவு பேர் காத்திருந்தது இவளுக்கும் தெரியும், அவர்கள் நடுவில்தானே உட்கார்ந்துவிட்டு உள்ளே போனாள். முப்பதில் சேர்ந்த அக்காமாரைப் பற்றி அவள் பேசவில்லை. அவர்களில் இரண்டு பேர் இப்போது வேலை போய் வீட்டில் இருந்தார்கள்.

“அப்பாவைவிடக் கம்மிதான்” என்றாள் மனைவி, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. மறைத்து வைத்திருந்த இருபத்தாறு இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று படிக்கட்டு திடுக்கிட்டார். மகள் திடுக்கிடவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“இருக்கட்டும். அப்பா முதுகு போற போக்குக்கு வருஷம் திரும்பறதுக்குள்ள நான் முந்திடுவேன்.”

“முந்து, முந்து. நான் உக்காந்து சாப்பிடுறேன்” என்றார் அவர். சொன்ன பிறகுதான், விளையாட்டாகச் சொன்னது உள்ளே இதமாக இறங்குவது தெரிந்தது. வலது தோளில் பட்டை பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. அன்றைக்கு அது வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வலித்தது. வலித்துக்கொண்டே சுகமாகவும் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் ஒரு மூடின செருப்பு வாங்க வேண்டும், கிடங்கில் திறந்த செருப்போடு விடமாட்டார்கள் என்றாள் மகள். தூசிக்கு முகமூடி அவர்களே தருவார்களாம். அந்த ஒற்றை ஆளிடம், இனிமேல் மதியம் ஆளுக்கு அரை மணி நேரம் மாறி மாறி உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று இப்போதே பேசி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவர் முதலில் நம்பவில்லையாம். பிறகு ஒரு பெட்டியைத் துடைத்து அவளுக்கு இடம் காட்டினாராம்.

“போதுமாம்மா?” என்று கேட்டார் படிக்கட்டு. சாப்பாட்டைக் கேட்கிறாரா சம்பளத்தைக் கேட்கிறாரா என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

“இப்போதைக்குப் போதும்பா” என்று சொல்லிவிட்டு, அவள் தட்டை அம்மா பக்கம் நீட்டினாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் மறுசோறு கேட்டுச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.